நிலப்படமும் மோட்டார் சைக்கிளும்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பெங்களூர் வாசிகளை எழுப்பும் ஒலிகளுள் மோட்டார் சைக்கிள்களின் முழக்கமும் ஒன்று. நந்தி மலைக்கும், சாவனதுர்க்கத்திற்கும், ஒகேனக்கல்லுக்கும் இளைஞர்கள் புறப்படும் நேரம் அது. இன்று பெரும்பாலோர்க்கு வழி சொல்வது கைப்பேசியே. எனினும், முந்தின இரவே மேசைமீது காகிதப் படத்தை விரித்து, சாலைகளை விரலால் தொடர்ந்து, மறுநாட் பயணத்தை வகுப்போர் சிலர் இன்னும் உளர். அந்தக் காகிதத்தின் பிறப்பு பெங்களூரோடும் தமிழகத்தோடும் பிணைந்தது என்பதை நம்மில் பலர் அறியோம்.

1799ஆம் ஆண்டு. நான்காம் மைசூர்ப் போர் நடந்துகொண்டிருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் அருகே ஓர் இரவு, தளபதி பேர்டின் தலைமையில் ஆங்கிலேயப் படையொன்று சென்றது. வடதிசை நோக்கிச் செல்வதாகவே தளபதி எண்ணியிருந்தார். ஆனால் வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி விண்மீன்களை நோக்கிவிட்டு, படை தெற்கே பகைவர் பாசறையை நோக்கிச் செல்கின்றது என எச்சரித்தார். தளபதி முதலில் நம்பவில்லை. திசைகாட்டியைப் பார்த்த பின்னரே விண்மீன்கள் பொய் சொல்லவில்லை என்று தெளிந்தார்.

போர் முடிந்தது. திப்பு சுல்தான் வீழ்ந்தார். கைப்பற்றிய நாட்டை அளந்தறிய வேண்டிய தேவை கும்பெனியார்க்கு எழுந்தது. மைசூர் நாட்டின் ஊர்களையும் ஏரிகளையும் அளக்கும் பணி காலின் மெக்கன்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. லாம்டனோ தீபகற்பம் முழுவதையும் முக்கோணங்களால் பிணைக்க விரும்பினார். ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்துவிட்டால், முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டே அறியலாமன்றோ? அவ்வாறு கிடைத்த பக்கமே அடுத்த முக்கோணத்திற்கு அடிக்கோடாகிவிடும். 1802 ஏப்ரல் 10ஆம் நாள், சென்னைப் பரங்கிமலையின் அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அவர் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அங்கிருந்து முக்கோணங்கள் மேற்கே படர்ந்தன. 1804இல் பெங்களூர் அருகே மீண்டும் ஒரு கோடு அளக்கப்பட்டது. கணக்கிற்கும் அளவைக்கும் இடையே கண்ட வேற்றுமை சில அங்குலங்களே.

கோணம் அளக்கும் கருவியாகிய தியோடலைட்டு அரை டன் எடை கொண்டது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் அதனைக் கயிறு கட்டி ஏற்றியபோது, கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் கூடாரத்தினுள் அமர்ந்து, ஏறத்தாழ ஆறு வாரம் உழைத்து அதனைச் செப்பனிட்டார். 1823இல் மறையும் வரை அவர் அளவையைக் கைவிடவில்லை. அவருடைய பெயர் நூல்களில் உள்ளது. கொடி பிடித்தோர், சங்கிலி இழுத்தோர், கருவியைக் குன்றுகளுக்குச் சுமந்தோர் ஆகிய நம் நாட்டுத் தொழிலாளரின் பெயர்களோ பெரும்பாலும் மறைந்துவிட்டன. படைக்கும் வரிக்குமென அந்நியர் வரைந்த படத்தில் அவர்தம் வியர்வையும் கலந்துள்ளது.

விடுதலைக்குப் பின்னர் அப்படம் நம் உடைமையாயிற்று. 1955இல் சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. 1961இல் மைசூரில் ஜாவா தொழிற்சாலை திறக்கப்பட்டது. நடுத்தரக் குடும்பத்தாரும் விரும்பிய திசையில் செல்ல வழி பிறந்தது. பயணிகளுக்குச் சென்னை டி.டி.கே. நிறுவனத்தாரின் சாலைப் படங்கள் உதவின. 2005இல் வகுக்கப்பட்ட தேசிய நிலப்படக் கொள்கை, நில அளவைத் துறையின் விரிவான படங்களைப் பொதுமக்களுக்கெனத் தனி வரிசையாக வெளியிட வழிசெய்தது.

அவ்வகைப் படத்தில் இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டரைக் குறிக்கும். பழுப்பு நிறக் கோடுகள் ஒத்த உயரமுள்ள இடங்களை இணைப்பவை. அவை நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சமவெளி. பச்சை காடு, மஞ்சள் கழனி, நீலம் நீர். ஒசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் செல்லும் சாலையைப் படத்தில் தொடர்ந்து பாருங்கள். பழுப்புக் கோடுகள் நெருங்கும், பச்சை சூழும், இறுதியில் காவிரியின் நீலம் தோன்றும். வளைவு மிகுந்த வழி, யானைகள் உலவும் காடு, பகலிலேயே கடத்தல் நன்று என்பனவெல்லாம் வீட்டிலிருந்தே விளங்கிவிடும்.

கைப்பேசி விரைவான வழியைச் சொல்கின்றது. அதனை இகழ்தல் தகாது. ஆனால் நாம் கேட்ட வழியையே அது காட்டும். விரித்த படமோ, நாம் கேளாத குன்றையும் ஏரியையும் கிளைச்சாலையையும் உடன்காட்டி, எதனைக் காண விரும்புகின்றாய் என்று நம்மையே வினவுகின்றது. பிழைப்பின் பொருட்டு வெளிமாநிலம் வந்த நமக்கு, பெங்களூருக்கும் பிறந்த ஊருக்கும் இடையிலுள்ள நிலம் பேருந்துச் சாளரத்தில் இரவோடிரவாகக் கடந்துபோகும் இருளாகவே இருந்துவருகின்றது. அந்நிலத்தை அங்குலம் அங்குலமாக நடந்தளந்தோர் இருந்தனர். அடுத்த விடுமுறைக்கு முந்தின இரவு, பிள்ளைகளையும் அருகமர்த்தி ஒரு படத்தை விரியுங்கள். ஊருக்குச் செல்லும் வழியை அவர்களே விரலால் தேடட்டும்.