பனடோலுக்குப் பிளினி மருந்து எழுதவில்லை

எங்கட வீடுகளில் செங்கமாரி எண்டால் கீழ்க்காய்நெல்லிதான். அரைச்சு, மோரில கலந்து, வெறும் வயித்தில. ஏன் எண்டு கேட்டால் அம்மம்மாவின் பதில், "காலங்காலமாக் குடிக்கிறதுதானே." இந்தக் 'காலங்காலமாக' எவ்வளவு தூரம் சாட்சி சொல்லும் என்பது வரலாறு படிக்கிற எனக்கு ஒரு தலையிடி. அதனால் எழுத்துச் சான்றுகள் நிறைய உள்ள இன்னொரு செடியைத் தேடிப் போனேன்: ஐரோப்பாவின் மில்க் திசில்.

ஊதாப் பூ, வெள்ளைக் கோடோடிய இலை, உடம்பெல்லாம் முள்ளு. அந்த வெள்ளை, மரியாளின் பால் சிந்தியதால் வந்ததாம். 17ஆம் நூற்றாண்டில் லண்டன் மூலிகை வைத்தியர் நிக்கலஸ் கல்பெப்பர் இதை ஈரல் அடைப்புக்கும் செங்கமாரிக்கும் நல்லதென்று எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் ராடமாகர் இதன் விதையிலிருந்து ஈரலுக்கு மருந்து செய்தார். 1968இல் மியூனிக்கில் ஹில்டபெர்ட் வாக்னரின் குழு விதையிலிருந்து சிலிமாரினைப் பிரித்தெடுத்தது. அது ஒரே பொருள் இல்லை, ஒரு கலவை. அதில் முக்கியமானது சிலிபினின். ஒரு வகை நச்சுக்காளானைத் தின்றவர்களுக்கு ஐரோப்பிய ஆஸ்பத்திரிகளில் அதை ஊசியாக ஏற்றுகிறார்கள். காளானின் நஞ்சு ஈரல் கலத்துக்குள் நுழைவதை அது தடுக்கிறது.

இவ்வளவு பெருமை இருக்கும்போது, மருந்துகளால் கெடும் ஈரலையும் இது காக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஒன்றை யோசிச்சுப் பாருங்கோ. பனடோல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது 1956இல். அதை அளவுக்கு மீறி விழுங்கியவர்களின் ஈரல் அழிந்ததை எடின்பரோ மருத்துவர்கள் 1966இல்தான் அறிவித்தார்கள். இந்த நோய்க்கே வயது அவ்வளவுதான்! கல்பெப்பரோ, பிளினியோ, எங்கட சித்தர்களோ பார்த்திராத நோய் அது. பழைய செங்கமாரிகளில் பல சில கிழமைகளில் தானாகவே மாறிவிடும், பெயர் கடைசியாகக் குடித்த கசாயத்துக்குப் போகும். பனடோல் நஞ்சு அப்படிக் காத்திருக்காது.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டார்கள். பனடோலில் ஒரு சிறு பங்கு ஈரலில் நஞ்சாக மாறுகிறது. குளுட்டாதயோன் என்ற பொருள் அதை முறிக்கிறது; அது தீர்ந்தால் கலங்கள் சாகத் தொடங்கும். குளுட்டாதயோனைத் திரும்ப நிரப்பும் அசிட்டைல்சிஸ்டைனை எடின்பரோவில் பிரெஸ்கொட் நோயாளிகளுக்கு ஏற்றி 1977இல் முடிவை வெளியிட்டார். அது மூலிகை இல்லை.

செடிகளைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. பனடோல் கொடுத்த எலிகளில் சிலிமாரின் ஈரலைக் காத்திருக்கிறது. எங்கட றுகுணுப் பல்கலைக்கழகத்திலும் நீர்முள்ளிச் சாற்றைச் சுண்டெலிகளில் சோதித்து நல்ல பலன் கண்டார்கள். காசநோய் மருந்துகளால் வரும் ஈரல் பாதிப்புக்கு மனிதர்களில் சிலிமாரினைப் பார்த்த ஆய்வுகள் மட்டும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. எலிக்கும் மனிசருக்கும் இடையில் உள்ள தூரம் கொஞ்சமில்லை.

பனடோலை அளவுக்கு மீறி எடுத்த ஆள் முதல் நாள் சாதாரணமாக நடந்து திரியலாம். ஈரல் கெட்டது இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வெளியே தெரியும். அசிட்டைல்சிஸ்டைனோ முதல் 8 மணித்தியாலத்துக்குள் ஏற்றினால்தான் நல்லா வேலை செய்யும். அந்த நேரத்தில் வீட்டில் கசாயம் வடிச்சுக்கொண்டு நிண்டால், ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது நேரம் முடிஞ்சிருக்கும்.