சட்டையும் தோலும்

சில வருஷங்களுக்கு முன், ஒரு ஐப்பசி மழையில், செங்கற்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிடாரன் ஒருவன் போட்டுவிட்டுப் போன கூடையைத் திறந்தார்கள். நானும் அங்கே நின்றிருந்தேன். உள்ளே ஒரு நல்லபாம்பு. படமெடுக்க வேண்டிய ஜீவன் தலையைத் தூக்கவே இல்லை. நச்சுப்பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். அடிவயிற்றில் இரண்டு அங்குலத்துக்குச் செதில் கழன்று, புண் பழுத்திருந்தது. வனத்துறைக்குச் சொல்லி அனுப்பினோம். அவர்களுடன் இருளர் ஒருவர் வந்தார், எழுபது வயதிருக்கும்.

"அடிபட்டது இல்லே சார், ஈரம். நனைஞ்ச கூடையிலே கெடந்து கெடந்து ஈரமே தின்னுடுச்சு" என்றார்.

அந்தக் கைகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. செங்கற்பட்டுச் சீமையில் இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்தவர்கள். சென்ற நூற்றாண்டில் அந்தக் கலைக்கு வாய்த்த பெரிய சந்தை தோல் வியாபாரம். சாரையும் நல்லபாம்பும் விரியனும் சென்னை வியாபாரிகளின் கிடங்கு வழியாகக் கப்பலேறி, மேல்நாட்டுச் சீமாட்டிகளின் கைப்பையாகவும் பாதரட்சையாகவும் மாறின. பாம்பு தானே கழற்றினால் அது சட்டை. மனிதன் உரித்தால் தோல். பெரியவர் பத்து வயதிலேயே தகப்பனாருடன் தோல் உரித்தவராம். அதை அவர் மறைக்கவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை.

1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பாம்புக்கு அது நல்ல காலம். இருளருக்கோ அடுப்பு அணைந்த காலம். சட்டம் எழுதுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது விஷயம் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை என்பது என் குறை. கண்ணில் பட்டவர், கிண்டியில் பாம்புப் பண்ணை அமைத்த ராமுலஸ் விட்டேகர். அவருடைய முயற்சியால் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உண்டாயிற்று. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் இப்போதும் அதைப் பார்க்கலாம். பிடித்த பாம்பை மண்பானையில் வைத்து, வாயைத் துணியால் கட்டி, வாரம் ஒரு முறை விஷம் எடுக்கிறார்கள். நாலு வாரம் ஆனதும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். விடுவதற்கு முன் அடிவயிற்றுச் செதிலில் சிறிதாக ஓர் அடையாளம் வெட்டுவார்கள், அதே பாம்பை உடனே மறுபடியும் பிடித்துவிடாமல் இருப்பதற்காக. சில தடவை சட்டை உரித்ததும் அந்த அடையாளம் மறைந்துவிடும். நம் நாட்டில் விஷமுறிவு மருந்து செய்வதற்கான விஷத்தில் பெரும்பகுதி இந்தப் பானைகளிலிருந்துதான் போகிறது. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

நம் கூடைப் பாம்புக்கு வருவோம். கால்நடை வைத்தியர் அயோடின் மருந்தை வெறும் தேநீர் நிறத்துக்கு நீர்க்கக் கலந்து புண்ணைக் கழுவினார். மற்றதெல்லாம் பெரியவரின் வேலை. உலர்ந்த பெட்டி, தினம் மாற்றும் காகிதம், ஓரத்தில் கதகதப்பு, ஒரு கிண்ணம் தண்ணீர். இரை கொடுக்க அவசரப்படவில்லை. பாம்பின் புண் நம் புண்ணைப் போல ஆறுவதில்லை. ஒவ்வொரு சட்டையாகத்தான் ஆறும். கண் பால்போல் மங்கியதும், "ஆச்சு, உரிக்கப் போவுது" என்றார். முதல் சட்டை கந்தல் கந்தலாக வந்து, புண்ணில் ஒட்டிக்கொண்டது. நான் இடுக்கியை எடுத்தேன். "தொடாதீங்க சார். இழுத்தா அடியிலே இருக்கிற புதுத்தோலும் வந்துடும்" என்று கையைத் தட்டிவிட்டார்.

நச்சுப்பல் மீண்டும் முளைத்தது. மூன்றாவது சட்டை, உதட்டிலிருந்து வால் வரை, காலுறையைக் கழற்றினாற்போல் உட்புறம் வெளியாக முழுசாக வந்தது. புண் இருந்த இடத்தில் நாலைந்து செதில்கள் மட்டும் கோணலாக இருந்தன. பெரியவர் சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, தலையிலிருந்து வால்வரை சாண் போட்டுக்கொண்டே போனார்.

"ஆறரை" என்றார். சட்டென்று என்னைப் பார்த்துவிட்டு, "பழக்கம் சார்" என்று அதைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.