இலவச நூலகமும் இணைந்து வரும் கடமையும்

இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை நம் விருப்பம்போல் பயன்படுத்தலாம் என்றே பலரும் எண்ணுகிறோம். அது முழு உண்மையல்ல என்பதை 1992ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்று காட்டுகிறது.

மென்பொருள் எழுதுவோர் அனைத்தையும் புதிதாக எழுதுவதில்லை. பொதுவான வேலைகளுக்கு ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல் தொகுப்புகளைத் தங்கள் நிரலோடு இணைத்துக்கொள்வார்கள். இவற்றுக்கு ‘நூலகம்’ என்று பெயர். தட்டச்சு செய்த கட்டளையைத் திருத்தவும், முந்திய கட்டளையை மீண்டும் வரவழைக்கவும் உதவும் ‘ரீட்லைன்’ அத்தகைய ஒன்று. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985ல் தொடங்கிய சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை அதை ‘ஜிபிஎல்’ உரிமத்தின்கீழ் வெளியிட்டது.

1989ல் பிறந்த அந்த உரிமம் ஊர்ப் பொதுக்கிணறு போன்றது. யாரும் நீர் இறைக்கலாம், வேலி போடக்கூடாது. அந்நிரலைச் சேர்த்து உருவாக்கியதைப் பிறருக்கு வழங்கினால், முழுவதையும் அதே உரிமத்தில், மூல நிரலோடு வழங்க வேண்டும். சொந்தப் பயனுக்கு மட்டும் வைத்திருந்தால் இந்தக் கடமை இல்லை.

ஜெர்மனியில் புருனோ ஹைபிளும் மைக்கேல் ஸ்டோலும் ‘சிலிஸ்ப்’ என்ற மென்பொருளை உருவாக்கினர். அது ரீட்லைனோடு இணையக்கூடியது. ஆனால், ஜிபிஎல் உரிமத்தில் வெளிவரவில்லை. ஸ்டால்மன் ஆட்சேபித்தார். ரீட்லைன் தனி, எங்கள் நிரல் தனி. அதற்குப் பதிலாக வேறொன்றையும் இணைக்கலாமே என்பது ஹைபிளின் வாதம். இணைந்து இயங்கும்போது இரண்டும் ஒரே படைப்பு என்றார் ஸ்டால்மன். வழக்கு மன்றம் செல்லாமலே விவகாரம் முடிந்தது. அதே ஆண்டு சிலிஸ்ப், ஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது.

எல்லா நூலகங்களுக்கும் இவ்வளவு கண்டிப்பு தேவையா? 1991லேயே நூலகங்களுக்கென ‘எல்ஜிபிஎல்’ என்ற தளர்வான உரிமம் வந்திருந்தது. இதன்படி, நூலகத்தை இணைப்பவர் தம் சொந்த நிரலை வெளியிட வேண்டியதில்லை. ஆனால், நூலகத்தின் மூல நிரல் கிடைக்க வேண்டும். பயனீட்டாளர் அதைத் திருத்தி மீண்டும் இணைக்கவும் வழி இருக்க வேண்டும்.

தளர்வு என்றால் கடமையே இல்லை என்று பொருளல்ல. லிங்க்சிஸ் சாதனங்களில் இருந்த மென்பொருளுக்கு முறைப்படி மூல நிரல் தரவில்லை என்று, 2008 டிசம்பரில் சிஸ்கோ நிறுவனத்தின்மீது அறக்கட்டளை வழக்குத் தொடுத்தது. எல்ஜிபிஎல் உரிமத்திலுள்ள ‘ஜிலிப்சி’ நூலகமும் அதில் அடங்கும். 2009 மே மாதம் சமரசம் ஏற்பட்டது. சிஸ்கோ அறக்கட்டளைக்கு நிதி வழங்கியதுடன், உரிம விதிகளைக் கண்காணிக்க ஒருவரை நியமிக்கவும் இணங்கியது.

மென்பொருளை விற்குமுன் அதனுள் எந்த நூலகம் இருக்கிறது, அதன் உரிமம் என்ன கேட்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. அந்த நூலகங்களுக்கு விலை இல்லாமல் இருக்கலாம், நிபந்தனை உண்டு.