அடிபடுவதற்கென்றே ஒரு விமானம்

மலர்க் குழுத் தம்பிகள், "அண்ணே, நீங்க சித்தன்னவாசல்காரர், ஓவியத்தைப் பத்தி எழுதுங்க" என்றார்கள். ஓவியத்தைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் நம் கல்லூரியில் இயற்பியல் படித்தவன். எனவே வேறொரு வரலாற்றை எழுதுகிறேன். ஏழடிப்பட்டத்துக் கல் படுக்கையில் சமணத் துறவிகள் அஹிம்சை காத்த ஊர்க்காரனுக்கு ராணுவ விஷயம் எதற்கு என்று கேட்காதீர்கள். நான் சொல்லப்போவது சுடுகிற விமானம் அல்ல, சுடப்படுகிற விமானம். அதற்கு 'இலக்கு விமானம்' என்று பெயர்.

ஏவுகணை செய்தால் மட்டும் போதுமா? பறக்கும் பொருளை அது அடிக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? ஆள் உள்ள விமானத்தைச் சுட முடியாது. ஆகவே தரையிலிருந்து வானொலி அலையால் இயக்கும் ஆளில்லா விமானம் தேவைப்பட்டது. போர் விமானங்கள் ஒலியை மிஞ்சிப் பறக்கத் தொடங்கியதும், இலக்கும் ஒலியை மிஞ்ச வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் சிறு விமானங்களுக்குப் பேர்போன பீச்கிராப்ட் கம்பெனி இந்த வேலையை எடுத்துக்கொண்டது. அதன் ஏ.க்யூ.எம்.-37 இலக்கு 1961-இல் பறந்தது. இன்னொரு விமானத்திலிருந்து கீழே விடப்பட்டு, ராக்கெட் இயந்திரத்தால் ஒலியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஓடியது.

இதில் என்ன கஷ்டம்? 11 கிலோமீட்டர் உயரத்தில் வெளிக்காற்று உறைநிலைக்குக் கீழே 56 டிகிரி. அங்கே ஒலியைப் போல் இருமடங்கு வேகத்தில் போனால், காற்று நெருக்குண்டு விமானத்தின் மூக்கு நுனி 115 டிகிரி அளவுக்குச் சூடாகும். தண்ணீர் கொதிக்கிற சூட்டைவிட அதிகம்! இதையெல்லாம் தாங்க வேண்டும். சுட்டு வீழ்த்தப்போகும் பொருள் என்பதால் விலையும் கட்டுப்படியாக வேண்டும்.

இனி நம்ம ஆள் கதைக்கு வருவோம். நம் பக்கத்துத் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியலும், சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியலும் படித்த ராமேசுவரத்து இளைஞர் ஒருவர் விமானி ஆக ஆசைப்பட்டார். விமானப்படைத் தேர்வில் 25 பேரில் ஒன்பதாவது இடம். எடுத்ததோ எட்டே பேர். 1958-இல் பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்ப இயக்ககத்தில் மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்தார். முதல் வருடமே, அதிகாரி வரதராஜன் துணையோடு அவர் செய்த வடிவமைப்புப் பணி எது தெரியுமா? ஒலியை மிஞ்சும் இலக்கு விமானம்! இயக்குநர் டாக்டர் நீலகண்டன் பாராட்டினார். விமானி ஆக முடியாதவர் விமானியே இல்லாத விமானத்தை வரைந்தார். அவர்தான் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். 'அக்னிச் சிறகுகள்' நூலில் இதை அவர் ஓரிரு வரியில்தான் சொல்கிறார்; நம்மில் பலர் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம்.

பிறகு அவர் பணியாற்றிய பெங்களூர் ஏ.டி.இ. நிறுவனம்தான் 'லக்ஷ்யா' என்ற இலக்கு விமானத்தை உருவாக்கியது. அது ஒலியைவிடக் குறைந்த வேகம் கொண்டது. 1985-இல் முதலில் பறந்தது. 2000-இல் விமானப்படைக்கு வழங்கப்பட்டது. நடுவில் பதினைந்து வருடம்! அதன் ஜெட் இயந்திரம் எச்.ஏ.எல். தயாரிப்பு. ராக்கெட் உந்துதலில் கிளம்பும், வேலை முடிந்தால் பாராசூட்டில் இறங்கும், மறுபடியும் பறக்கும். ஆகாஷ் ஏவுகணைச் சோதனைகளில் இலக்காகப் பறந்தது இதுவே. அடுத்த தலைமுறையான 'அப்யாஸ்' 2019 மே 13-இல் ஒடிசாவின் சண்டிப்பூரில் பறந்து காட்டியது.

ஆகாஷ் வென்றால் பத்திரிகையில் அதன் படம் வரும். அடிபட்ட லக்ஷ்யாவின் படம் வராது. ஆனால் அது சரியாகப் பறக்காவிட்டால் ஆகாஷின் வெற்றியை யார் நம்புவது?

தற்போது படிக்கும் தம்பி தங்கைகளே! முதல் வேலை சின்னதாக இருக்கிறதே, பெயர் வெளியே வராதே என்று சோர்ந்து போகாதீங்க. நாட்டின் பெரிய ஏவுகணை விஞ்ஞானி, அடிபடப்போகிற ஒரு விமானத்தின் படத்தைத்தான் முதலில் வரைந்தார். அதையும் பாராட்டு வாங்கும்படி வரைந்தார்.