தேய்ந்த படச்சுருளில் இசைவாணர்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பயில்வோர் ஒருங்கே வியப்பும் வருத்தமும் எய்துவர். ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோர்க்கு வேண்டிய திறன்களையும், அரங்கின் அளவையும், மூவகை எழினிகளையும் இளங்கோவடிகள் நுணுக்கமாக வகுத்துரைத்திருப்பது வியப்புக்குரியது. ஆயினும், மாதவியின் அரங்கில் எழுந்த இசையின் ஓர் இழையேனும் இன்று நம் செவிக்கு எட்டுவதில்லை. யாழே வழக்கொழிந்து போயிற்று. அதன் வடிவையும் இசைமுறையையும் நூற்சான்றுகளைக் கொண்டே மீட்டுணர்த்த விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்தார். அவ்வுழைப்பின் பயனாக 1947ஆம் ஆண்டில் ‘யாழ் நூல்’ வெளிவந்தது. பண்டை யாழாசிரியன் ஒருவனின் விரலசைவு, மங்கலாகவேனும், அரை நாழிகை நேரம் காணக் கிடைத்திருக்குமாயின் அடிகளாரின் பணி எத்துணை எளிதாகியிருக்கும்!

இளங்கோவின் காலத்துக்குக் கிட்டாத அப்பேறு இருபதாம் நூற்றாண்டுக்குக் கிட்டியது. இசைவாணரின் குரலையும் உருவத்தையும் ஒருசேரப் பிடித்து வைக்கும் பேசும்படம் தோன்றியது. ஆனால் அவ்வாறு கிடைத்தவற்றுள் பல இன்று கீறலும் கரகரப்பும் நிறைந்த நிலையில் உள்ளன. “படமும் தெளிவில்லை, பாட்டும் தெளிவில்லை, இதனைப் பார்ப்பானேன்?” என்று இளையோர் வினவுகின்றனர். அவ்வினாவுக்கு விடை காண ஜொகூர் மாநிலத் தமிழரின் பழைய அனுபவம் ஒன்று துணைபுரியும்.

தோட்டத்துத் திரை

ஜொகூரில் கூலாய், குளுவாங், லாபிஸ், சிகாமட் முதலிய வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்குச் சென்னையின் சங்கீத சபைகள் எட்டாத் தொலைவில் இருந்தன. பொழுது புலருமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, லயத்து வீட்டுக்குத் திரும்பும் குடும்பத்துக்குக் கச்சேரி என்பது கோயில் திருவிழாவில் கேட்கும் நாயனமும் மேளமுமே. அக்குறையை ஓரளவு நிறைத்தது திரைப்படம். சென்னையிலிருந்து கடல் கடந்து வந்த படச்சுருள்கள் நகரத்துக் கொட்டகைகளில் ஓடித் தேய்ந்த பின்னரே தோட்டங்களைச் சென்றடைந்தன. தோட்ட மைதானத்தில் இரு கம்பங்களுக்கிடையே வெள்ளைத்துணி கட்டப்படும், மின்னாக்கி இரையும், குடும்பங்கள் பாய் விரித்து அமரும். 1946ஆம் ஆண்டில் மலாயாத் திரைப்படப் பிரிவு நிறுவப்பட்டதன் பின்னர், அரசாங்கத் தகவல் பிரிவின் படவண்டிகளும் ஊர்தோறும் வந்து செய்திப்படங்களைக் காட்டின.

அத்துணித்திரையில் தோன்றிய தியாகராஜ பாகவதரின் முகத்தில் ஓயாது மழை பெய்தது. அறுந்து ஒட்டப்பட்ட இடங்களில் பாட்டின் ஓரடி மறைந்து மற்றோரடி முந்திக்கொண்டது. எனினும் மக்கள் எழுந்து போய்விடவில்லை. விட்டுப்போன அடியைத் தாமே பாடி நிரப்பிக்கொண்டனர். சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட ‘ஹரிதாஸ்’ (1944) படத்தின் பாடல்கள் இந்நாட்டுத் தோட்டங்களில் தாலாட்டுடன் தாலாட்டாகக் கலந்தமைக்கு இசைத்தட்டும் வானொலியும் மட்டுமன்றி இத்தகைய இரவுகளும் காரணமாகும்.

மங்கியதன் காரணம்

படம் மங்குவதற்குக் காரணங்கள் உண்டு. பேசும்படத்தின் ஒலி, சுருளின் ஓரத்தில் மெல்லிய ஒளித்தடமாகப் பதிக்கப்படுகிறது. அத்தடத்தில் படியும் தூசியும் விழும் கீறலும் கரகரப்பாக ஒலிக்கும். 35 மில்லிமீட்டர்ச் சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடுகிறது. எளிதில் எடுத்துச் செல்லத்தக்க 16 மில்லிமீட்டர்ச் சுருளோ 36 அடியே ஓடுகிறது. குறுகிய இடத்தில் ஒலியை நெருக்கிப் பதிப்பதால் தம்புராவின் நுண்ணொலியும் வயலினின் மேல்ஒலியும் மழுங்கிப் போகின்றன. மேலும், 1950களின் தொடக்கம் வரை பெரிதும் வழங்கிய நைட்ரேட்டுச் சுருள் எளிதில் தீப்பற்றுவது. தீக்குத் தப்பினாலும் காலப்போக்கில் தானே சிதைவது. 1931ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ இன்று இல்லை. புனேயில் இந்தியத் தேசியத் திரைப்படக் காப்பகம் தோன்றியது 1964ஆம் ஆண்டிலேயே. அதற்குள் அழிந்தவை பல.

எஞ்சியவையும் படியிலிருந்து படியாக எடுக்கப்பட்டே நம்மை வந்தடைந்தன. 1980களில் வீடியோ நாடா பரவியபோது, ஒரு நாடாவிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுக்குந்தோறும் தெளிவு குன்றியது. இன்று இணையத்தில் காண்பவற்றுள் பல அத்தகைய நாடாக்களின் வழிவந்தவையே.

கேட்கப்பட்டோரும் காணப்பட்டோரும்

இம்மங்கலான காட்சிகளின் மதிப்பை அறியவேண்டின், காட்சியே எஞ்சாதவரை முதலில் நினைத்தல் வேண்டும். நாடக மேடையில் மக்களை மயக்கிய எஸ். ஜி. கிட்டப்பா 1933ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் தம் 27ஆம் அகவையில் மறைந்தார். தமிழ்ப் பேசும்படம் தோன்றி அப்போது இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. அவர் எப்படத்திலும் நடித்திலர். அவரது குரல் பக்கத்துக்கு மூன்று நிமிடமே கொள்ளும் இசைத்தட்டுகளில் வாழ்கிறது. அவர் மேல்நிலையை எட்டும்போது முகம் எவ்வாறு இருந்தது, மூச்சை எங்கு வாங்கினார் என்பதை இனி யாரும் காணவியலாது.

கடலுக்கு அப்பால் அமெரிக்காவிலும் இதனை ஒத்த இழப்பு நேர்ந்தது. கறுப்பின மக்களின் துயரிசையாகிய ‘புளூஸ்’ மரபில் தலைசிறந்தவருள் ஒருவரான ராபர்ட் ஜான்சனும் 1938ஆம் ஆண்டில் அதே 27ஆம் அகவையில் மறைந்தார். 29 பாடல்களின் ஒலிப்பதிவே அவரது செல்வம். அவர் அசைந்து பாடும் காட்சி எதுவும் இல்லை. அதே மரபின் பேரரசியெனப் போற்றப்பட்ட பெஸ்ஸி ஸ்மித் 1929ஆம் ஆண்டில் ஒரே ஒரு குறும்படத்தில் தோன்றினார். ஜாஸ் இசை மேதை சார்லி பார்க்கர் 1952ஆம் ஆண்டில் தொலைக்காட்சியில் சாக்ஸபோன் வாசித்ததை, திரைக்கு முன் படக்கருவியை வைத்துப் பிடித்தனர். படத்தைப் படமெடுத்த அப்பதிவு தெளிவுடையதன்று. ஆயினும், விரைந்தோடும் இசைக்கிடையே அசையாது நிற்கும் அவரது உடலையும் இயங்கும் விரல்களையும் காட்டும் சான்று அநேகமாக அது ஒன்றே. உலகெங்கும் இசைபயில்வோர் அதனை மீண்டும் மீண்டும் பார்க்கின்றனர்.

தமிழிலும் இவ்வாறு எஞ்சிய செல்வம் சிறிதன்று. கிட்டப்பாவின் மறைவுக்குப்பின் வெள்ளாடை தரித்து ஒதுங்கியிருந்த கே. பி. சுந்தராம்பாள், ஒரு லட்சம் ரூபாய் ஊதியத்தில் ‘நந்தனார்’ (1935) படத்தில் ஆண்வேடம் பூண்டார். பின்னர் ‘ஔவையார்’ (1953) படத்திலும் தோன்றினார். ஔவையாரில் அவர் வாய் நிறையச் சொல்லெடுத்துப் பாடுவதைக் காணும் மாணவன், தமிழின் வல்லினமும் மெல்லினமும் இசையில் எவ்வாறு நிற்கவேண்டும் என்பதைக் கண்ணாலேயே கற்பான். ஓதுவார் மரபில் வந்த தண்டபாணி தேசிகரை 1942ஆம் ஆண்டின் ‘நந்தனார்’ படத்திலும், ஜி. என். பாலசுப்பிரமணியத்தையும் எம். எஸ். சுப்புலட்சுமியையும் 1940ஆம் ஆண்டின் ‘சகுந்தலை’ படத்திலும் இளமையோடு காண்கிறோம்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். இவை கச்சேரிகள் அல்ல, கதைகள். தொடக்கத்தில் நடிகர் படக்கருவியின் முன்னேயே பாடினர். பக்கவாத்தியக்காரர் கண்ணுக்குப் படாத இடத்தில் அமர்ந்தனர். பின்னர்ப் பாட்டை முன்னரே பதிந்துகொண்டு அதற்கேற்ப வாயசைக்கும் முறை வந்தது. ஆதலின், துஷ்யந்தனாக மணிமுடி தரித்த ஜி. என். பி.யைக் கண்டு, அவர் மேடையில் தாளமிட்ட முறையை அறிந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. வரலாற்று மாணவன் எச்சான்றையும் எடைபோட்டே ஏற்பான்.

உண்மைக் கச்சேரியையே படமாக்கும் வழக்கம் மேனாட்டில் வளர்ந்தது. 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மான்டெரி இசைவிழாவை 16 மில்லிமீட்டர்க் கருவிகளைக் கையிலேந்திப் பிடித்தனர். ராக் இசைக்குழுக்களின் ஆரவாரத்துக்குப் பின் ரவிசங்கரின் சித்தாருடன் அப்படம் நிறைவுறுகிறது. 1971ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் வங்கதேச அகதிகளுக்காக நியூயார்க்கில் நடந்த கச்சேரியின் படத்தில் சுவையான நிகழ்ச்சி ஒன்று உண்டு. கலைஞர் சுருதி கூட்டியதையே இசையென எண்ணி அவையோர் கைதட்டினர். சுருதி கூட்டலே இத்துணை பிடித்ததென்றால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று ரவிசங்கர் நகையுடன் கூறினார். கீழ்த்திசை இசையும் மேற்றிசை அவையும் ஒன்றையொன்று அறியத் தொடங்கிய அத்தருணத்தை எந்த நூலும் இத்துணைத் தெளிவாகக் காட்டவியலாது. படம் இசைவாணரோடு அவையையும் காத்து வைக்கிறது.

செய்யத்தக்கது

ஜொகூரின் தோட்டங்கள் பல செம்பனைக்கும் குடியிருப்புக்கும் இடமாயின. லயங்கள் மறைந்தன, மக்கள் மாசாய், ஸ்கூடாய், உலு திராம் முதலிய இடங்களில் குடியேறினர். வீடு மாறுந்தோறும் பழைய நாடாக்களும் இசைத்தட்டுகளும் பயனற்றவையென வீசப்படுகின்றன. அவற்றுள் வேறெங்கும் இல்லாத படி ஒன்று இருக்கக்கூடும். வெள்ளைத்துணியில் கண்ட பாட்டை நினைவிலிருந்து பாடிக்காட்டவல்ல முதியோரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

தமிழாசிரியர் இதில் செய்யத்தக்கவை உள. ஐந்து நிமிடக் காட்சி ஒன்றை வகுப்பில் காட்டி, முதலில் கண்ணை மூடிக் கேட்கவும் பின்னர்க் கண் திறந்து பார்க்கவும் மாணவரைப் பழக்கலாம். மூச்சு எங்கே, சொல் எங்கே பிரிகிறது, முகம் எதைச் சொல்கிறது என வினவலாம். பாட்டனும் பாட்டியும் கண்ட படங்களின் பெயரையும் கண்ட இடத்தையும் ஏட்டில் எழுதிவரச் சொல்லலாம். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் நாடாவைத் தூக்கி எறியுமுன் படியெடுத்து வைக்கச் செய்யலாம். அரங்கேற்று காதையைக் கற்பிக்கும் நாளிலேயே இதனைச் செய்தால், மாதவியின் அரங்கிலிருந்து நமக்கு வந்து சேராதது எது என்பதை மாணவர் தாமே உணர்வர்.

தோட்டத்து மக்கள் மழை பெய்த திரையில் பாகவதரைக் கண்டனர். விட்டுப்போன அடியைத் தாமே பாடினர். அவர்தம் பெயரர்க்கு அப்படமேனும் எஞ்சட்டும்.