வகுப்பறையின் லாக் ஃபைல்

ஒரு ஆசிரியர் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்று தெரிந்துகொள்ள ஆய்வாளர்களுக்கு இருந்த சுலபமான வழி, அவரிடமே கேட்பது. கேள்வித்தாளை நீட்டினால் டிக் அடித்துத் தருவார். மென்பொருள் வேலை பார்க்கிற எனக்கு இதில் உள்ள ஓட்டை பழக்கமானது. 'நான் ஒண்ணுமே பண்ணல, அதுவா நின்னுடுச்சு' என்பார் பயனர். லாக்கைத் திறந்தால் கதை வேறாக இருக்கும்.

டிம்ஸ் என்ற பன்னாட்டுத் தேர்வு 1995இல் நடந்தபோது, ஜேம்ஸ் ஸ்டிக்லரின் குழு வகுப்பறையின் லாக்கைத் திறந்தது. ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா மூன்றிலும் எட்டாம் வகுப்புக் கணிதப் பாடவேளைகள் 231ஐப் படம்பிடித்தார்கள். புதிய கற்பித்தல் முறையைப் பின்பற்றுவதாகப் பெரும்பாலான அமெரிக்க ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வீடியோவில் பெரிதும் தெரிந்தது பழைய முறைதான். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தினமும் செய்கிற வேலை செய்பவர் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறது.

அறிவியலின் முறை 1999 ஆய்வில் வந்தது. ஆஸ்திரேலியா, செக் குடியரசு, ஜப்பான், நெதர்லாந்து, அமெரிக்கா என்று ஐந்து நாடுகள், 439 பாடவேளைகள். ஒரு கேமரா ஆசிரியரைப் பார்த்தது, இன்னொன்று மாணவர்களை. பேசியதையெல்லாம் எழுத்தாக்கி, மொழிபெயர்த்து, ஒவ்வொரு பகுதிக்கும் குறியீடு போட வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகப் போட்ட குறியீடு ஒத்துப்போகிறதா என்றும் சரிபார்க்க வேண்டும். கேத்லீன் ராத் குழுவின் அறிக்கை 2006இல்தான் வெளியானது.

தேர்வில் அமெரிக்காவை முந்திய மற்ற நான்கு நாடுகளும் ஒரே மாதிரி கற்பிக்கவில்லை. செக் வகுப்பில் மாணவரை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேள்வி கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள். நெதர்லாந்தில் மாணவர் புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே படிக்கிறார். ஜப்பானில் சில கருத்துகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் சோதனையில் கிடைத்த சான்றிலிருந்து எழுப்பப்படுகிறது. ஆஸ்திரேலியாவும் கிட்டத்தட்ட அப்படித்தான். பாதை எதுவானாலும் பாடத்துக்கு ஒரு முதுகெலும்பு இருந்தது.

அமெரிக்க வகுப்புகளில் செயல்பாடுகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் ஏறக்குறைய கால்வாசி வகுப்புகளில், செய்த வேலையை எந்த அறிவியல் கருத்தோடும் இணைக்கவில்லை. கை வேலை செய்தது, பிள்ளைகளும் உற்சாகமாக இருந்தார்கள், எதற்காகச் செய்தோம் என்பதுதான் விட்டுப்போனது. ப்ராக்டிகல் வைத்தாலே நல்ல அறிவியல் வகுப்பு என்று நம்புகிற எல்லோரும் யோசிக்க வேண்டிய இடம் இது.

ராத் அதோடு நிற்கவில்லை. ஆசிரியர்களை உட்கார வைத்து, வகுப்பு வீடியோக்களில் மாணவர் என்ன யோசிக்கிறார் என்று அலச வைத்தார். பாடப்பொருளை மட்டும் படித்த ஆசிரியர்களின் மாணவர்களைவிட இவர்களின் மாணவர்கள் அதிகம் கற்றார்கள்.

வகுப்பில் கேமரா என்றதும் நமக்குக் கண்காணிப்புதான் ஞாபகம் வருகிறது. இந்த ஆய்வில் அது யாரையும் மாட்டிவிடுவதற்காக வைக்கப்படவில்லை. அனுமதி பெற்ற 25 அறிவியல் பாடவேளைகளை மட்டும் பொதுப் பார்வைக்குக் கொடுத்தார்கள். எங்கள் வேலையிலும் லாக் படிப்பது பிழையைக் கண்டுபிடிக்கத்தான். ஆளைக் குற்றவாளியாக்க அதைப் படிக்க ஆரம்பித்தால், அடுத்த தடவை யாரும் உண்மையைப் பதிவு செய்ய மாட்டார்கள்.