ஒரு காற்புள்ளியின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகும் பள்ளிக்கூட வேலை என்னை விடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு உதவித்தொகைக்கான மாணவர் பட்டியல் ஒன்றைச் சரிபார்த்துக் கொடுத்தேன். வரிசை எண், பெயர், முகவரி, வங்கிக் கணக்கு எண், தொகை என்று ஐந்து கட்டங்கள். ஓர் அலுவலகத்தில் அந்தப் பட்டியலை ஒரு நிரல் எழுதி வேறு கோப்பாக மாற்றி அனுப்பினார்கள். எல்லோருக்கும் பணம் வந்தது. ஒரு பெண்ணுக்கு மட்டும் வரவில்லை. அவள் அம்மா கூலி வேலையை விட்டுவிட்டு இரண்டு முறை என் வீட்டுக்கு வந்து நின்றார். என்னிடம் பதில் இல்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவன் மென்பொருள் துறையில் இருக்கும் என் பழைய மாணவன். கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், கமாதான் பிரச்சினை" என்றான். மற்றவர்கள் முகவரியில் தெருப் பெயரை மட்டும் எழுதியிருந்தார்கள். இந்த அம்மா அக்கறையாகக் கதவு எண்ணையும் சேர்த்து "12, மேலத் தெரு" என்று கொடுத்திருந்தார். பன்னிரண்டுக்குப் பின்னால் இருந்த காற்புள்ளியைக் கணினி கட்டத்தின் எல்லை என்று எடுத்துக்கொண்டது. முகவரி இரண்டாகப் பிளந்தது. கணக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் "மேலத் தெரு" போய் உட்கார்ந்தது.

காற்புள்ளியை எல்லைக்கல்லாக வைத்தது யார்? அன்று தொடங்கித் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம் வருகைப் பதிவேட்டில் கோடு போட்டிருக்கும். எது பெயர், எது தேதி என்று கண்ணுக்கே தெரியும். கணினிக்குள் கோடு கிடையாது. எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும், அவ்வளவுதான். பட்டியலை அந்த வரிசையாக மாற்றும்போது கோட்டின் வேலையை வேறு ஏதாவது ஒன்று செய்தாக வேண்டும்.

முதலில் அந்த வேலையைச் செய்தது இடம். 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹொலரித் துளையிட்ட அட்டைகளைப் பயன்படுத்தினார். 1928இல் ஐபிஎம் நிறுவனம் 80 பத்திகள் கொண்ட அட்டையைக் கொண்டுவந்தது. முதல் ஐந்து பத்தி எண்ணுக்கு, அடுத்த இருபது பத்தி பெயருக்கு என்று முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொள்வார்கள். பெயர் சிறியதாக இருந்தால் மீதி இடம் வீண். ஒரு பத்தி தள்ளித் துளையிட்டால் அந்த அட்டை முழுவதும் தப்பு. 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியிலும், எந்தப் பத்தியில் என்ன இருக்கிறது என்று நிரலில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இடத்துக்குப் பதிலாக ஒரு குறியை வைக்கலாம் என்பது அடுத்து வந்த யோசனை. 1972இல் ஐபிஎம்மின் ஒரு ஃபோர்ட்ரான் தொகுப்பி, காற்புள்ளியோ இடைவெளியோ விட்டு எழுதிய எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்டது. பிறகு ஃபோர்ட்ரான் 77 அதையே பொது விதியாக்கியது. பத்தி எண்ணி எண்ணித் துளையிட்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும்!

1979இல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் வந்தது. தனிக் கணினியில் கட்டம் கட்டமாகக் கணக்குப் போடும் பழக்கம் அதிலிருந்து பரவியது. சூப்பர்கால்க், லோட்டஸ், எக்செல் என்று பின்னால் பல வந்தன. ஒவ்வொன்றும் தன் கோப்பைத் தன் பாணியில் எழுதியது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பட்டியலைக் கொண்டுபோக ஒரு பொதுமொழி வேண்டியிருந்தது. அந்த இடத்தை நம் காற்புள்ளிக் கோப்பு பிடித்தது. 1983வாக்கில் சிஎஸ்வி என்ற பெயரும் புழக்கத்தில் இருந்தது.

சரி, எல்லைக்கல்லே வயலுக்குள் கிடந்தால் என்ன செய்வது? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். காற்புள்ளி உள்ளே வரும் கட்டத்தை இரட்டை மேற்கோளுக்குள் வை. மேற்கோள் குறியே உள்ளே வந்தால் அதை இரண்டு முறை எழுது. இவ்வளவுதான். கீழே இரண்டு வரிகளைப் பாருங்கள்.

17,செல்வி,12, மேலத் தெரு,004518,1500

17,செல்வி,"12, மேலத் தெரு",004518,1500

முதல் வரியில் கணினி ஆறு கட்டங்களைக் காணும். இரண்டாவதில் ஐந்து. எங்கள் பட்டியலில் நடந்ததும் இதுதான். நிரல் எழுதியவர் கட்டங்களுக்கு நடுவே வெறும் காற்புள்ளியைப் போட்டு ஒட்டிவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1960களில் உருவான ஆஸ்கி எழுத்துக் குறியீட்டில், இந்த வேலைக்கென்றே 28 முதல் 31 வரை நான்கு பிரிப்புக் குறிகளை ஒதுக்கியிருந்தார்கள். எந்த முகவரியிலும் எந்தப் பெயரிலும் அவை வராது. அவற்றைப் பயன்படுத்தியிருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திருக்காது. ஆனால் அவற்றுக்கு விசைப்பலகையில் தனி விசை இல்லை; திரையிலும் தெரியாது. கைக்கு எட்டியதையும் கண்ணுக்குத் தெரிந்ததையும்தான் மனிதர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

மொழியில் முதலில் வழக்கு, பிறகுதான் இலக்கணம். இங்கும் அப்படித்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலகமே பயன்படுத்திய பிறகு, 2005 அக்டோபரில் யாகோவ் ஷஃப்ரானோவிச் என்பவர் ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணத்தில் இந்த வழக்கத்தை ஏழு விதிகளாக எழுதிவைத்தார். அதுவும் கட்டளை இல்லை, தகவலுக்காக மட்டுமே.

பைத்தான் மொழி அதற்கும் முந்திக்கொண்டது. 2003இல் வந்த 2.3 பதிப்பிலேயே சிஎஸ்விக்கென்று ஒரு கூறு சேர்ந்துவிட்டது. பட்டியலை வரிசை வரிசையாக அதனிடம் கொடுத்தால் போதும். எந்தக் கட்டத்துக்கு மேற்கோள் தேவை என்று அதுவே பார்த்துப் போட்டுவிடும். அதன் இயல்பான எழுத்து முறைக்கு வைத்த பெயர் "எக்செல்". எழுதப்பட்ட விதி இல்லாத காலத்தில், எக்செல் எப்படிச் செய்கிறதோ அதுவே விதி! நாம் கையால் காற்புள்ளி போட்டு ஒட்ட வேண்டிய தேவை அப்போதே ஒழிந்துவிட்டது. ஆனாலும் அவசரத்தில் இன்றும் பலர் ஒட்டுகிறார்கள்.

மேற்கோள் போட்டாலும் தீராத சிக்கல்கள் சில உண்டு. ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் தசமப் புள்ளிக்கே காற்புள்ளிதான் போடுவார்கள். அதனால் அங்கே எக்செல் அரைப்புள்ளியைப் பிரிப்பானாக வைத்துக்கொள்கிறது. தமிழ்ப் பட்டியலை சிஎஸ்வி ஆக்கி எக்செல்லில் திறந்தால் சில சமயம் புரியாத குறிகளாக வரும். எந்தக் குறியீட்டில் எழுதினோம் என்று கோப்பு தானாகச் சொல்லாது என்பதே காரணம். யூனிகோடு அடையாளத்தைக் கோப்பின் தொடக்கத்தில் சேர்த்துச் சேமித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கட்டத்துக்குள் இருப்பது எண்ணா, எழுத்தா, தேதியா என்றும் சிஎஸ்வி சொல்லாது. மேலே உள்ள கணக்கு எண்ணை எக்செல் 4518 என்று படித்து முன்னால் உள்ள சுழியங்களைத் தின்றுவிடும். மார்ச் 1, செப்ட் 2 என்ற பெயர்களில் மனித மரபணுக்கள் இருந்தன. எக்செல் அவற்றைத் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020இல் அறிவியலாளர்கள் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள்.

அதே ஆண்டு இங்கிலாந்தில் நடந்தது இன்னும் மோசம். ஆய்வகங்கள் கொரோனா முடிவுகளை உரைக்கோப்பாக அனுப்பின. பொதுச் சுகாதாரத் துறை அவற்றை எக்செல்லின் பழைய வடிவத்தில் ஏற்றியது. அதில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடம் கிடையாது. மிஞ்சியவை சத்தமில்லாமல் விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்கள் தினசரிக் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் தாமதமானது.

மேலத் தெருப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பட்டியலைத் திருத்தி மறுபடி அனுப்பினோம். நான்கு மாதம் கழித்துப் பணம் வந்தது. அதற்குள் அவள் அம்மா கடன் வாங்கிக் கட்டணத்தைக் கட்டிவிட்டார். வட்டியை யார் கொடுப்பது?

அதனால் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் இந்த வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியாரின் வேண்டுகோள். மாற்றுவதற்கு முன் எத்தனை வரிசை, மாற்றிய பின் எத்தனை வரிசை என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு வரிசையிலும் கட்டங்கள் ஒரே எண்ணிக்கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சுற்றுலா போனால் பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுவோமே, அதே பழக்கம்தான். ஒவ்வொரு வரிசையும் ஒரு பிள்ளை.

தவறு ஏதும் இருந்தால் விவரம் தெரிந்தவர்கள் திருத்துங்கள், கற்றுக்கொள்கிறேன். உங்கள் பட்டியலில் இப்படி ஏதாவது நடந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.